ஜாயின்ட் இல்லாத கைப்பிடி

வெல்டிங் மெஷின் தனகோட்டியின் இடது காலில் விழுந்தபோது, கைப்பிடி மட்டும் அவன் கையில் பத்திரமாக இருந்தது.

அவன் முதலில் கைப்பிடியைப் பார்த்தான். பிறகு காலைப் பார்த்தான். கத்த வேண்டும் என்பது அதற்கும் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இருபத்தெட்டு கிலோ இரும்புப் பெட்டி, சாப்பாட்டு நேரத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி, கட்டைவிரலின் மேல் நன்றாக உட்கார்ந்துவிட்டது.

“நவுத்துண்ணே! நவுத்து!”

பரமசிவம் குனிந்து பெட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தார். “பதினோரு வருசமா வெயில்ல காஞ்ச பிளாஸ்டிக்குடா. அதுவும் நம்மள மாதிரிதான். எத்தினி நாளைக்குத் தாங்கும்?”

தனகோட்டியின் சேஃப்டி ஷூ முனையில் ஒரு இரும்புத் தகடு இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்பதோடு அது நின்றுபோயிருந்தது.

இருவரும் நெய்வேலிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆட்கள். நிலக்கரி போகிற கன்வேயர் லைனில் எங்கே ஸ்டாண்டு விரிசல் விட்டாலும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் வெல்டிங் வைத்துவிட்டு வர வேண்டும். தனகோட்டிக்கு முத்தாண்டிக்குப்பம். வயது நாற்பத்து மூன்று, சர்வீஸ் பதினாலு வருஷம். பரமசிவத்துக்குச் சேத்தியாத்தோப்பு. வயது ஐம்பத்திரண்டு, சர்வீஸ் இருபது. இருவருக்கும் அதே வேலை தெரியும், அதே மெஷின், அதே டீக்கடை.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி புது காண்ட்ராக்ட் ஆரம்பம். புது காண்ட்ராக்ட் என்றால் புதுப் பெயர்ப் பட்டியல், புது கேட் பாஸ். பட்டியலில் பேர் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் முத்தாண்டிக்குப்பம். சூப்பர்வைசர் சுதாகர் அந்தப் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் திரிந்தார். அவர் தும்மினால்கூட எல்லோரும் அந்தப் பையைப் பார்த்தார்கள்.

சைட் இன்ஜினியர் அருள்மொழி ஓடிவந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஆகவே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

“அண்ணா, நடந்ததை எழுதிக் குடுங்க. எழுதாம இங்க எதுவும் மாறாது. புதுக் கைப்பிடி போட நான் பர்மிஷன் வாங்கித் தர்றேன்.”

தனகோட்டி பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கே இரண்டாவதாக வந்தவன். அந்தத் திறமைக்கு இருபத்தேழு வருஷம் கழித்து ஒரு வெள்ளைத்தாள் கிடைத்தது. விடுவானா?

‘மேற்படி இயந்திரம் விழுந்ததில் எனது இடது கால் நசுங்கி, இனி என் வாழ்நாளில் பாரம் தூக்க இயலாத நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளேன் என்பதைக் கண்ணீருடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

பரமசிவம் படித்துப் பார்த்தார். “வாழ்நாள்ல எல்லாம் எதுக்குடா? வெரல் வீங்கியிருக்குதுன்னு எழுது, போதும்.”

“அழுத்தமா எழுதினாத்தாண்ணே அசைவானுங்க.”

“கண்ணீரு எங்கடா?”

“அது எழுதற முறைண்ணே.”

பர்மிஷன் வருகிறவரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் அடியில் கைகொடுத்து மெஷினைத் தூக்கிப் போனார்கள். கைப்பிடி இல்லாத பாரத்தை இரண்டு பேர்தான் தூக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

“ரெண்டு ஆம்பளைங்க ஒரு பொட்டியை இப்படித் தூக்கிகினு போனா, பொண்ணு வூட்டுக்குச் சீர் எடுத்துகினு போற மாதிரி இருக்குதுண்ணே. எல்லாரும் பாக்குறான்.”

“பாக்கட்டுமே. நல்லாத்தானே இருக்குது? பேசிகினே போவலாம்.”

பரமசிவம் அந்த வாரம் சுதாகரின் ரூமுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்தே ஒரு மாதிரி இருந்தார். என்னவென்று தனகோட்டி கேட்டான். ஒன்றுமில்லை என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. தனகோட்டியிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் பஸ் ஸ்டாண்டு மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். மைக்குக்காவது கரண்ட் போகும்.

பர்மிஷன் வந்தது. தனகோட்டி பத்து எம்.எம். கம்பியை எடுத்தான். அறுக்க ரம்பத்துக்கு பிளேடு வேண்டும். டூல் ரூமுக்குப் போனான்.

டூல் ரூம் சக்கரபாணி திருநெல்வேலிக்காரர். நெய்வேலிக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் ஊர்ப் பேச்சை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். பிளேடையும்தான்.

“துண்டு எங்க வே?”

“என்னா துண்டுங்க?”

“பழைய பிளேடோட துண்டு. முறிஞ்சதைக் குடுத்தாத்தான் புதுசு.”

“எங்கிட்ட பழசே இல்லீங்களே.”

“அப்ப புதுசும் இல்ல.”

பரமசிவம்தான் தன் பையிலிருந்து ஒரு முறிந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். சக்கரபாணி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டு, சொந்த நகையைக் கழற்றிக் கொடுப்பதுபோல ஒரு புது பிளேடை நீட்டினார்.

கம்பியை வளைத்து, இரண்டு முனையிலும் சுற்றி வெல்டிங் பிடித்து, சாம்பல் பெயின்ட் அடித்தான் தனகோட்டி. மூன்றாம் நாள் காலை கண்ணகியின் டீக்கடை வாசலில், பதினைந்து பேர் பார்க்க, அது முறிந்தது. இந்தத் தடவை காலை இழுத்துக்கொண்டான்.

கண்ணகி கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “நீங்க வெல்டிங் வெச்சதுங்களா?”

“ஆமா.”

“என் டீ கிளாஸே ஒரு வாரம் தாங்குதுங்க.”

பதினைந்து பேரும் சிரித்தார்கள். தையல்காரனுக்குத் தன் சட்டை பிரிவதும், வெல்டருக்குத் தன் வெல்டிங் விடுவதும் ஒன்று. தனகோட்டிக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை. முறிந்த கம்பியைப் பார்க்கலாம் என்று தேடினால், பரமசிவம் ஏற்கெனவே அதைக் காயலான் குவியலில் வீசிவிட்டிருந்தார்.

“ராசியில்லாத இரும்புடா. அதை ஏன் கையில வெச்சிகினு? வா, அந்தப் பக்கம் நான் புடிக்கறேன்.”

இரண்டாவது கைப்பிடி முக்கால் அங்குல பைப்பில். நாலு மூலையிலும் தாங்கு தகடு. அது ஆறு நாள் உழைத்தது. ஏழாம் நாள் கன்வேயர் இரும்புப் படியில் ஏறும்போது கழன்று, மெஷின் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு இறங்கி, கீழே நின்ற சுதாகரின் காலடியில் போய் நின்றது.

சுதாகர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “தனகோட்டி, உனக்கு வெல்டிங் தெரியுமா, தெரியாதாப்பா?”

மறுநாள் அருள்மொழி தயங்கித் தயங்கி வந்து சொன்னாள். “அண்ணா, தப்பா நினைக்காதீங்க. ஒரு சின்ன டெஸ்ட்.”

பதினாலு வருஷம் வெல்டிங் பிடித்தவனை, நேற்று ஐ.டி.ஐ. முடித்த பையன்களோடு வரிசையில் உட்கார வைத்து, இரண்டு தகட்டைக் கொடுத்து ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினான். பிரஸ்ஸில் வைத்து மடக்கிப் பார்த்தார்கள். தகடுதான் வளைந்தது, வெல்டிங் விடவில்லை.

“அருமையா இருக்குண்ணா. அப்புறம் ஏன் கைப்பிடி மட்டும் உடையுது?”

“அதான் எனக்கும் தெரியலீங்க மேடம்,” என்றான் தனகோட்டி. பக்கத்தில் நின்ற பரமசிவம், கூரையில் ஏதோ எழுதியிருப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று தனகோட்டி முடிவுசெய்தான். உலகமே முறிந்தாலும் முறியாத கைப்பிடி ஒன்று செய்வது. பட்டியல் வருவதற்குள் செய்வது. பதினாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆள், ‘நல்லா செஞ்சிருக்கே’ என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஆள் பரமசிவமாக இருந்தால் இன்னும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். மனைவி திலகவதி வழிமறித்தாள்.

“எங்க?”

“லாரி பட்டறைக்கு. மெஷினுக்குக் கைப்பிடி செய்யணும்.”

“வூட்டு பக்கெட்டு ஒரு வருசமா காது அறுந்து கெடக்குது. அதுக்கு ஒரு கம்பி மாட்டக் கை வரலை. கம்பெனிக்காரன் பொட்டிக்கு ஞாயித்துக்கெழமை வேலையா?”

“பக்கெட்டு எனக்கு கேட் பாஸ் குடுக்குமாடி?”

லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றைத் தேடி எடுத்தான். உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அடித்து வளைத்து, மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கினான். ஒரே பட்டை. மெஷினின் மேலே வளைந்து கைப்பிடியாகி, இரண்டு பக்கமும் இறங்கி, பெட்டிக்கு அடியில் போய் உள்ளுக்குள் மறைந்துவிடும். வெளியே போல்ட் இல்லை, வெல்டிங் இல்லை, ஜாயின்ட்டே இல்லை. கையை உறுத்தாமல் இருக்க மேலே சைக்கிள் டியூபைச் சுற்றினான். திங்கட்கிழமை காலை அதைப் பரமசிவத்தின் முன்னால் வைத்தபோது, மகளுக்கு மாப்பிள்ளை காட்டுகிறவன்போல் ஒதுங்கி நின்றான்.

பரமசிவம் தூக்கினார். ஆட்டினார். நகத்தால் கீறிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

“இவ்ளோ கெட்டி எதுக்குடா?”

“கைப்பிடின்னா கெட்டியா இருக்க வாணாமாண்ணே?”

“இருக்கலாம். ஒரு அளவு இல்லையா?”

“நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா பூடுவ?”

பரமசிவம் பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

நாலு நாள் ஆயிற்று, எட்டு நாள் ஆயிற்று. கைப்பிடி அசையவில்லை. இரண்டு தடவை சைக்கிள் டியூப் மட்டும் அடிப்பக்கமாகக் கிழிந்திருந்தது. ஷெட்டில் எலி அதிகம். எலியைத் திட்டிக்கொண்டே தனகோட்டி மறுபடி சுற்றினான்.

அருள்மொழிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனகோட்டியை ஒற்றைக் கையால் மெஷினைத் தூக்கச் சொல்லிப் படமெடுத்து, ‘இம்மாதத்தின் சிறந்த யோசனை’ என்று ஷெட் போர்டில் ஒட்டினாள். கைப்பிடி பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கிட்டப்போய் எடுத்ததில், படத்தில் மெஷின் முழுதாக இருந்தது, கைப்பிடி முழுதாக இருந்தது, தனகோட்டி முழங்கை வரைக்கும் இருந்தான்.

ஆனாலும் வருகிறவன் போகிறவனை எல்லாம் நிறுத்திக் காட்டினான். “அந்தக் கையி நான்தான்.”

படத்துக்குக் கீழே அருள்மொழி முத்து முத்தாக எழுதியிருந்தாள்: ‘இனி இம்மெஷினை ஒருவரே பாதுகாப்பாக எடுத்துச் செல்லலாம்.’

சுதாகர் அதை நின்று படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து ஏதோ அடித்தார்.

சாயங்காலத்துக்குள் விஷயம் டீக்கடைக்கு வந்துவிட்டது. புது காண்ட்ராக்டில் ஒரு மெஷினுக்கு ஒரு ஆள்.

செய்தவன் தனகோட்டி, போர்டில் இருப்பது அவன் கை. ஆகவே போகப்போவது பரமசிவம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு டீ சொல்லி, வடையும் வாங்கிக் கொடுத்தான்.

“அண்ணே, நான் இப்படி ஆவும்னு நெனைக்கல. கவலைப்படாத. நான் சுதாகர் சார்கிட்ட பேசறேன். உன்னை வேற லைனுக்கு எடுத்துக்கச் சொல்றேன். என் பேச்சுக்கு இப்ப ஒரு மரியாதை இருக்குது.”

பரமசிவம் வடையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கையில் மூன்று விரல்களில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“என்னாண்ணே கையில?”

“ஒண்ணுமில்ல. காய்ப்பு.”

இருபத்தெட்டாம் தேதி பட்டியலை ஒட்டினார்கள். வெல்டிங் மெஷின் நம்பர் மூன்று: பரமசிவம். அவ்வளவுதான். தனகோட்டி மேலிருந்து கீழே படித்தான், கீழிருந்து மேலே படித்தான், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று தாளைத் தூக்கியும் பார்த்தான்.

சுதாகரின் ரூமுக்குள் ஓடினான். “சார், என் பேரு வுட்டுப்போச்சுங்க.”

“வுட்டுப்போவல.” சுதாகர் ஒரு ஃபைலைத் திறந்தார். “ஒரு ஆள் தூக்கணும்னா தூக்கற ஆளா இருக்கணுமில்ல? நீயே எழுதிக் குடுத்திருக்கியேப்பா. ‘இனி என் வாழ்நாளில்’னு. கண்ணீரு வேற.”

“அது சும்மா அழுத்தத்துக்கு எழுதினதுங்க!”

“அழுத்தத்துக்குன்னு ஆபீஸ்ல தனி ஃபைல் இல்லப்பா.”

தனகோட்டி வெளியே பாய்ந்தான். மெஷினை ஒற்றைக் கையால் தூக்கினான். ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டாவது சுற்று ஓடினான். மூன்றாவது சுற்றில் இடது கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே ஓடினான். மூச்சு வாங்க வந்து நின்றான்.

“பாருங்க சார்! கால்ல என்னா இருக்குது?”

சுதாகர் தலையை ஆட்டினார். “பாத்தேன்பா. ஒரு ஆள் தாராளமாப் போதும்.”

அருள்மொழி கதவோரம் நின்றாள். கண் கலங்கியிருந்தது. “அண்ணா... நான் கைப்பிடியைப் பத்தித்தான் எழுதினேன்.”

அவளைத் திட்ட அவனுக்கு வாய் வரவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. பரமசிவம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

“என்னாண்ணே, எடத்தைப் புடிச்சிட்ட இல்ல?”

“தனகோட்டி...”

“பேசாத. நான் மூணு கைப்பிடி செஞ்சேன். நீ ஒரு துரும்பைத் தூக்கிப் போட்டியா? ராசியில்லாத இரும்புன்ன, இவ்ளோ கெட்டி எதுக்குன்ன. கடைசியில என் கைப்பிடியை நீ தூக்கிகினு போற, நான் வெறுங்கையை ஆட்டிகினு வூட்டுக்குப் போறேன். எழுதாதடான்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டு, எழுதினதும் உள்ள போய் எடுத்துக் குடுத்தவனே நீதானோ என்னவோ!”

பரமசிவம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சுற்றிலும் ஷிப்டு முடிந்து போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூடிக்கொண்டார்.

“நீ ரொம்பக் கெட்டியா செஞ்சிட்டடா,” என்றார் கடைசியில்.

“இப்பக்கூட நல்லாருக்குதுன்னு சொல்ல உனக்கு மனசு வரல பாரு.” தனகோட்டி அவர் கையைப் பார்த்தான். பிளாஸ்திரி இப்போது ஐந்து விரலிலும் இருந்தது. “அதுக்குள்ள கையில கட்டு வேற. தனியாத் தூக்கறதுக்கு முன்னாடியே நடிப்பா? பதினாலு வருசம் உன்னை அண்ணேன்னு கூப்பிட்டேன். என் வாயைக் கழுவணும்.”

மூன்று நாள் பரமசிவம் நின்ற பக்கமே அவன் திரும்பவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் தனகோட்டி சாமான்களைத் திருப்பிக் கொடுக்க டூல் ரூமுக்குப் போனான். ஹெல்மெட், கையுறை, சுத்தி, வெல்டிங் கண்ணாடி. சக்கரபாணி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து வாங்கி வைத்தார். கேட் பாஸை மேஜைமேல் வைக்கும்போது தனகோட்டியின் கை ஒரு கணம் அதன்மேலேயே இருந்தது. பிறகு எடுத்துவிட்டது.

“உம்ம பேர்ல ஒண்ணும் பாக்கி இல்ல வே. சுத்தமான ஆளு,” என்றார் சக்கரபாணி. “அந்தப் பரமசிவம்தான் என் கழுத்தை அறுத்துட்டான்.”

“என் கழுத்தையும்தாங்க,” என்றான் தனகோட்டி.

சக்கரபாணி தகர டப்பாவை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். முறிந்த பிளேடுத் துண்டுகள் கலகலவென்று கொட்டின. பல்லெல்லாம் மழுங்கி, சிலவற்றின் ஓரத்தில் கறுப்பாக, சைக்கிள் டியூபின் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது.

தனகோட்டி அந்தக் கறுப்புப் பிசிறையே பார்த்தான்.

“இதெல்லாம்... பரமசிவம் அண்ணன் குடுத்ததுங்களா?”

“பொறவு? மெஷினுக்குக் கைப்பிடி நிலைச்சா ஒத்த ஆளு போதும், உங்க ரெண்டு பேர்ல ஒருத்தனைக் கழிச்சிரலாம்னு அந்த சுதாகரு பேசுனதைக் காதால கேட்டானாம். உம்மகிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும்னு வாயத் திறக்கல. முதல் ரெண்டு கைப்பிடியும் ஒண்ணுக்கு ஒரு பிளேடுலயே அறுந்துச்சாம். இந்த மூணாவதுக்குப் பதினோரு பிளேடு முறிச்சும் ஒரு கீறல் விழலையேன்னு, நேத்து இந்த ஸ்டூல்ல உக்காந்து புள்ளை மாதிரி அழுதான்... நல்லாத்தான் செஞ்சிருக்கீரு வே!”